எண்ணூர்த் தண்ணீரில் இரண்டு கண்ணாடிகள்

(தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'டயாட்டம்களும் அவற்றின் பயன்களும்'. 11-ஆம் வகுப்புத் தாவரவியலில் பாசிகளை வகைப்படுத்தும் இடத்தில் பேசில்லேரியோஃபைசி என்று ஒரு பெயர் வரும். அதுதான் இது. பிள்ளைகள் நாக்கைச் சுழற்றி அந்தப் பெயரை மனப்பாடம் செய்வார்கள். தேர்வு முடிந்ததும் பெயரும் போய்விடும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் 'இது மேல்நிலைக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு என்ன' என்ற முகத்தோடு உட்கார்ந்திருப்பது தெரிகிறது. உங்களுக்கும் வேலை வைத்திருக்கிறேன்.

புத்தகத்தை மூடிவிட்டு நம் ஊருக்கு வருவோம். ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடலரிப்பைத் தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை வந்துபோகும் கல்லில் ஒரு வழுவழுப்பு படிந்திருக்கும். கால் வைத்தால் வழுக்கிவிடும். பச்சையாக இருந்தால் அது வேறு பாசி. வெல்லப்பாகைத் தடவியதுபோலப் பழுப்பாக இருக்கிறதே, அதைச் சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து நுண்ணோக்கியில் வையுங்கள். கண்ணில் படுவது பெரும்பாலும் டயாட்டம்தான். எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றின்மேல் பொன்பழுப்பாக ஒரு மெல்லிய படலம் தெரியும். அதுவும் இதுதான். இவற்றுக்குள் பச்சையம் உண்டு. ஆனால் ஃபியூக்கோசாந்தின் என்ற பழுப்பு நிறமி அதை மூடிவிடுகிறது. அதனால் ஆற்றைப் பார்க்கிறவர்கள் இதைச் செடி என்றே நினைப்பதில்லை, அழுக்கு என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரே ஒரு செல். 2 மைக்ரோமீட்டரில் இருந்து 200 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். பெரிய வகைகள் நம் தலைமுடியின் தடிமனைவிட அகலமானவை. இந்த ஒரு செல், தன்னைச் சுற்றி ஒரு கண்ணாடி வீடு கட்டிக்கொள்கிறது. உவமைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே சிலிக்கா, நம் ஜன்னல் கண்ணாடியின் மூலப்பொருள். பாறைகள் கரைந்து ஆறு கொண்டுவரும் சிலிசிக் அமிலத்தைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சி, சாதாரணக் கடல்நீரின் சூட்டிலேயே கண்ணாடி செய்கிறது. நாம் கண்ணாடி செய்ய உலை மூட்ட வேண்டும். இதற்கு வெயிலும் ஆற்றுநீரும் போதும். அந்தக் கண்ணாடியிலும் வெறும் தகடு கிடையாது. வரிசை வரிசையாகத் துளைகள், தேன்கூட்டு அறைகள், சக்கர ஆரங்கள் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு கோலம். அந்தக் கோடுகள் அவ்வளவு நுணுக்கமாக, சீராக இருப்பதால் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நுண்ணோக்கி லென்சு நல்லதா என்று சோதிக்கவே பிளூரோசிக்மா என்ற டயாட்டத்தைப் பயன்படுத்தினார்கள். கோடு தெரிந்தால் லென்சு தேறியது. நம் பள்ளி நுண்ணோக்கிகளையும் அப்படிச் சோதித்துப் பார்க்கலாம். முடிவுக்கு நான் பொறுப்பல்ல.

இப்போது தொடக்கப் பள்ளிக்கான வேலை. வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் சம்படம் கொண்டுவாருங்கள், மூடியோடு. டயாட்டத்தின் வீடும் இப்படித்தான். அடிப்பாகம் ஒன்று, அதைக் கவ்விய மூடி ஒன்று. செல் இரண்டாகப் பிரியும்போது மூடி ஒருவருக்கு, அடிப்பாகம் மற்றவருக்கு. குழந்தைகளிடம் கேளுங்கள்: "மூடியை வாங்கிக்கிட்டவன் என்ன செய்வான்?" புதிதாக ஓர் அடிப்பாகம் செய்துகொள்வான் என்று சொல்வார்கள், சரி. "அடிப்பாகம் வாங்கிக்கிட்டவன்?" மூடி செய்துகொள்வான் என்பார்கள். அங்கேதான் டயாட்டம் நம்மை ஏமாற்றுகிறது. கிடைத்தது எதுவானாலும் அதை மூடியாக வைத்துக்கொண்டு உள்ளே பொருந்தும் ஓர் அடிப்பாகத்தைத்தான் அது செய்யும். அப்படியானால் இரண்டாமவன் வீடு பழையதைவிடச் சிறியதாகிவிடும். அவன் பிள்ளைகளில் ஒன்று இன்னும் சிறியது. ஒன்றுக்குள் ஒன்று போகும் சம்படங்களை வரிசையாக வைத்துக் காட்டினால் 3-ஆம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். உடனே யாராவது ஒருவர் கேட்பார்: "அப்ப கடைசில ஒண்ணுமே இல்லாமப் போயிடுமா மிஸ்?"

அந்தக் கேள்விக்கான பதிலை ஆராய்ந்தவர்களில் இருவர் நம் ஊரில் வேலை செய்தவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963). இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அவரும் ஆர். சுப்பிரமணியனும் சைக்லோடெல்லா மெனகினியானா என்ற வட்டமான டயாட்டத்தை எடுத்துக்கொண்டு, அளவு குறைந்துபோன செல் எப்படித் தன் கண்ணாடி வீட்டை உதறிவிட்டு ஆக்சோஸ்போர் என்ற உருண்டையாக வீங்கி, மறுபடி முழு அளவில் புது வீடு கட்டுகிறது என்று ஆராய்ந்தார்கள். அந்தக் கட்டத்தில் உட்கருவில் குன்றல் பகுப்பு நடப்பதை விவரித்து 1944-இல் எழுதிய கட்டுரையை டயாட்டம் ஆய்வாளர்கள் பிற்காலத்திலும் மேற்கோள் காட்டுகிறார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. குண்டு விழும் என்று பயந்து சென்னையிலிருந்து ஜனங்கள் வெளியூருக்குப் போன அதே ஆண்டுகளில் இந்த வேலை நடந்திருக்கிறது.

சுப்பிரமணியன் அத்தோடு நிற்கவில்லை. சென்னைக் கடலோரத்து மிதவை டயாட்டம்களை வகைவகையாகப் படம் வரைந்து விவரித்து 1946-இல் 100 பக்கங்களுக்கு மேல் நீளும் ஒரு கட்டுரை வெளியிட்டார். நம் கடலில் இன்ன இன்ன டயாட்டம் இருந்தது என்பதற்கு அது ஒரு பழைய சாட்சிப் பத்திரம். பின்னால் வந்த டி.வி. தேசிகாச்சாரி 1986 முதல் 1989 வரை டயாட்டம்களுக்கு என்றே ஒரு படத்தொகுப்பைப் பகுதி பகுதியாகச் சென்னையிலிருந்து வெளிக்கொண்டுவந்தார். அறிவியல் என்றால் எங்கோ வெளிநாட்டில் கோட்டு போட்டவர் செய்வது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பஸ் பிடித்துப் போய்ச் சேரும் தூரத்தில் செய்தது இது.

இதெல்லாம் இருக்கட்டும், இதனால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்குக் காசிமேட்டிலிருந்து பதில் சொல்கிறேன்.

உலகத்தில் நடக்கும் மொத்த ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை டயாட்டம்கள் செய்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மரம் நடு என்று சுவரெல்லாம் எழுதுகிறோம். தப்பில்லை. ஆனால் கடலோரப் பள்ளியில் அந்த வாசகத்துக்குப் பக்கத்தில் டயாட்டத்தின் படம் ஒன்றும் வரைந்திருக்க வேண்டும். கடலில் புல் என்றால் இதுதான். இதைத் துடுப்புக்காலி போன்ற சின்ன உயிர்கள் மேய்கின்றன, அவற்றைச் சின்ன மீன், அதை வஞ்சிரம். இந்தச் சங்கிலியை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வஞ்சிரத்தின் வயிற்றை அறுத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அவர்கள்தான் நமக்குச் சொல்வார்கள். சங்கிலியின் முதல் கண்ணி மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாதது.

மத்தி மீன் இன்னும் குறுக்குவழியில் போகிறது. அது டயாட்டத்தை நேராகவே வடிகட்டித் தின்னும். மார்க்கெட்டில் நான்கு மத்தி வாங்கி வந்து செவுள் மூடியைத் தூக்கிக் காட்டுங்கள். உள்ளே சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக இருக்கும். அதுதான் சல்லடை. பக்கத்தில் ஒரு வஞ்சிரத் தலை கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேய்கிற வாய் எது, கடிக்கிற வாய் எது என்று தெரிந்துவிடும். கேரளக் கரையில் மத்தி ஒரு வருடம் மலைபோல் வரும், ஒரு வருடம் வராது. 1955-இல் நாயரும், நான் முன்பு சொன்ன அதே சுப்பிரமணியனும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார்கள். ஃபிரஜிலேரியா ஓசியானிகா என்ற டயாட்டம் பெருகுவதை மத்தி வரவுக்கு அடையாளமாகக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். கண்ணுக்குத் தெரியாத ஒரு செடியைப் பார்த்து வலை எடு, வைத்துவிடு என்று சொல்லப் பார்த்தார்கள்.

இறால் கதையும் உண்டு. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் முட்டையிலிருந்து வந்த இளம்பருவத்துக்கு முதல் தீனியாகக் கீட்டோசெரஸ் என்ற டயாட்டத்தைத் தொட்டி தொட்டியாக வளர்த்துக் கொடுக்கிறார்கள். தாய்ப்பால் மாதிரி. அதை விட்டால் குஞ்சு தேறாது. சென்னையில் தலைமையிடம் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. அனுமதி வாங்கி ஒரு களப்பயணம் போனால் நல்லது.

செத்த டயாட்டம் உயிருள்ளதைவிட அதிகமாக விலை போகிறது. செல் அழுகிப்போகும், கண்ணாடி வீடு அழுகாது. கடலடியிலும் ஏரியடியிலும் லட்சக்கணக்கான ஆண்டுகள் படிந்து வெள்ளை மண்ணாகிவிடும். ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான ஓட்டைக் கூடுகள். அதனால் எடை குறைவு, உறிஞ்சும் திறன் அதிகம். நீச்சல் குளத்து நீர், எண்ணெய், சர்க்கரைப் பாகு எல்லாம் வடிகட்ட இது உதவுகிறது. தானியத்தில் தூவினால் வண்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சை உறிஞ்சி அதைக் காயவைத்துக் கொன்றுவிடும். ஆல்ஃபிரட் நோபல் 1867-இல் காப்புரிமை பெற்ற டைனமைட்டும் இந்த மண்ணில்தான் பிறந்தது. தொட்டால் வெடிக்கும் நைட்ரோகிளிசரினை இந்த மண்ணில் ஊறவைத்தபோது அது கையில் எடுத்துப்போகும் அளவுக்குச் சாதுவானது. நோபல் பரிசுப் பணத்தின் அடியில் கொஞ்சம் டயாட்டம் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னால் மறக்க மாட்டார்கள். சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒன்று: சகாராவில் வற்றிப்போன ஒரு பெரிய ஏரியின் தரையிலிருந்து டயாட்டம் தூசி காற்றில் எழுந்து அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காட்டுக்குப் போய் உரமாகிறது.

தடய அறிவியலிலும் இதற்கு இடமுண்டு. தண்ணீரில் விழுந்தவர் உயிரோடு விழுந்து மூச்சுவிட்டிருந்தால் டயாட்டம் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போய்விடும். இறந்தபின் தண்ணீரில் போடப்பட்டிருந்தால் இரத்த ஓட்டம் இல்லாததால் அங்கே போய்ச் சேர வாய்ப்பு குறைவு. இதை மட்டும் வைத்து நீதிமன்றம் முடிவு செய்வதில்லை. மற்றச் சான்றுகளோடு சேர்த்துப் பார்ப்பார்கள். கடலில் ஆள் இழந்த வீடுகள் நம் வகுப்பில் இருக்கின்றன. எந்த வகுப்பில் இதைச் சொல்வது, எதில் வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

எண்ணூர்ப் பக்கம் எடுத்த ஒரு மாதிரியை 9-ஆம் வகுப்பில் வைத்திருந்தோம். மாணவி ஒருத்தி வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "மிஸ், இது இன்னா மிஸ், கோலிகுண்டு மாரி கீது. இதுல கோடே இல்ல" என்றாள். போய்ப் பார்த்தேன். படகு மாதிரி நாவிகுலா ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஊசி மாதிரி நிட்சியா இருந்தது. அவற்றுக்கு நடுவே மழமழவென்று, நடுவில் ஒளிப்பொட்டோடு, சுத்தமான உருண்டைகள். சிறிதும் பெரிதுமாக நிறைய. வட்டமான டயாட்டம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் வட்ட டயாட்டம் உருண்டை அல்ல, மாத்திரை வடிவம். கவர் ஸ்லிப்பைப் பென்சிலால் லேசாகத் தட்டினால் அது புரளும்போது பக்கவாட்டில் செவ்வகமாகத் தெரியும். முகத்தில் ஆரங்களோ துளைகளோ இருக்கும். இந்த உருண்டை எப்படிப் புரண்டாலும் உருண்டைதான். முகத்தில் ஒரு கோடு கிடையாது.

நிலக்கரியைத் தூளாக்கி எரிக்கும் கொதிகலனில் சூடு 1000 டிகிரி செல்சியசைத் தாண்டிப் போகிறது. கரியிலுள்ள கனிமம் உருகித் துளியாகி, பரப்பு இழுவிசையால் உருண்டு, புகையோடு போகும்போதே குளிர்ந்து கண்ணாடி மணியாகிவிடுகிறது. ஃபிளை ஆஷ் என்று நாம் சொல்லும் சாம்பலில் பெரும்பகுதி இந்த மணிகள்தான். பரப்பு இழுவிசை பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அதுவும் சிலிக்கா கலந்த கண்ணாடி, டயாட்டமும் சிலிக்கா கண்ணாடி. ஒரே சொட்டுத் தண்ணீரில் இரண்டு கண்ணாடிகள். ஒன்றை உலை செய்தது, மற்றதை உயிர் செய்தது.

நான் சொன்னால் நம்பிவிடுவார்கள் என்பதால் சொல்லவில்லை. "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேட்டேன். கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து உடைந்த ஃபிளை ஆஷ் செங்கல் ஒன்றை மறுநாள் ஒரு பையன் கொண்டுவந்தான். சுரண்டித் தண்ணீரில் கலந்து பக்கத்து நுண்ணோக்கியில் வைத்தோம். மணல் துணுக்குகளுக்கு நடுவே அதே கோலிகுண்டுகள். கல்லையும் மாதிரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வகுப்பே சத்தம் போட்டது.

பதிவேட்டில் எழுதும்போதுதான் சிக்கல். சிலர் ஒரு குறிப்பிட்ட ஆலையின் பெயரை எழுதத் தொடங்கினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "வேணாம் மிஸ், எங்கப்பா அங்கதான் காண்ட்ராக்ட்ல வேல செய்றாரு" என்றான். வகுப்பு அமைதியாகிவிட்டது. நம் வகுப்புகள் அப்படிப்பட்டவை. ஒரு பெஞ்சில் ஆற்றில் இறால் தடவிப் பிடிக்கிறவர் பிள்ளை, அடுத்த பெஞ்சில் ஆலைத் தொழிலாளி பிள்ளை. சில வீட்டில் அண்ணன் படகில், தம்பி ஆலையில்.

பெயரை எழுத வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் காரணத்தையும் கரும்பலகையில் எழுதினேன்: நுண்ணோக்கி காட்டியது 'இது என்ன' என்பதை மட்டும். 'எங்கிருந்து வந்தது' என்பதை அது காட்டவில்லை. மணிமேல் முகவரி இல்லை. அதைச் சொல்ல வேதிப் பகுப்பாய்வு வேண்டும், நீரோட்டமும் காற்றும் குழாய் போகும் பாதையும் தெரிய வேண்டும். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனபோது நிபுணர் குழுக்கள் வந்து அந்த வேலையைத்தான் செய்தன. பயந்து எழுதாமல் விடுவது வேறு, பார்க்காததால் எழுதாமல் விடுவது வேறு என்று பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொன்னேன். பார்த்ததை ஒன்று விடாமல் எழுதச் சொன்னேன்: தேதி, இடம், கடல் ஏற்றமா வற்றமா, எண்ணிய 100 துகள்களில் எத்தனை மணி, எத்தனை டயாட்டம், செங்கல் தூளோடு ஒப்பிட்ட விவரம். பின்வரிசைப் பையனும் எழுதினான். அவன் படம்தான் இருப்பதிலேயே நன்றாக இருந்தது.

இங்கே நாம் இரண்டு பக்கமும் கவனமாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகளிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டால் 'செத்துப்போன ஆறு' என்கிறார்கள். 2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் அப்பியதை நேரிலேயே பார்த்தவர்கள். அவர்கள் அப்படிச் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நுண்ணோக்கியில் நகரும் நாவிகுலாவைக் காட்டும்போது முகம் மாறுவதை நீங்களும் பார்க்க வேண்டும். ஆனால் அதைக் காட்டிவிட்டு 'பார், உயிர் இருக்கிறது, ஆறு நன்றாக இருக்கிறது' என்று முடித்தால் அது பொய். எந்த டயாட்டம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அழுக்கைத் தாங்கும் டயாட்டம்கள் உண்டு. நிட்சியா பாலியா சாக்கடையிலும் செழிக்கும். ஐயங்காரும் சுப்பிரமணியனும் ஆராய்ந்த சைக்லோடெல்லா மெனகினியானாவும் அப்படித்தான், கழிவும் உப்பும் கலந்த நீரில் தாக்குப்பிடிக்கக் கூடியது. சுத்தமான நீரில் பல வகைகள், ஒவ்வொன்றும் அளவாக இருக்கும். கெட்ட நீரில் தாங்கும் இரண்டு மூன்று வகைகள் மட்டும் ஏராளமாகப் பெருகும். ஐரோப்பாவில் ஆற்றின் தரத்தை அளக்க இதை அரசாங்கங்களே பயன்படுத்துகின்றன. இங்கிலாந்தில் 1995-இல் இதற்கென்று ஒரு குறியீட்டை வெளியிட்டார்கள். நம் நாட்டில் புனேயிலுள்ள அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தில் டயாட்டம் ஆய்வு நடக்கிறது.

வேதிச் சோதனை இருக்கும்போது இது எதற்கு? புட்டியில் பிடித்த நீர் அந்த நிமிடத்தை மட்டும் சொல்லும். இரவில் திறந்துவிட்டுக் காலையில் மூடினால், பகல் 11 மணிக்குப் பிடித்த நீரில் அது தெரியாமல் போகலாம். கல்லில் ஒட்டிய டயாட்டம் எங்கும் போகாது. சில வாரங்களாக அதன்மேல் ஓடியதையெல்லாம் அது வாங்கியிருக்கும். வாட்ச்மேனைக் கேட்பதுபோல அதைக் கேட்கலாம்.

பெயர் தெரியாமல் எப்படி எண்ணுவது என்று தயங்க வேண்டாம். ஆய்வாளர்கள் ஒரு ஸ்லைடில் 300, 400 கூடுகள் எண்ணுவார்கள், நமக்கு 100 போதும். படகு, ஊசி, சக்கரம், எஸ் வடிவம் என்று பிள்ளைகளே பெயர் வைக்கட்டும். எத்தனை வடிவம், எது எத்தனை? 5-ஆம் வகுப்புக் கணக்கில் கோடு போட்டு எண்ணும் நேர்க்கோட்டுக் குறிகளுக்கும் பட்டை வரைபடத்துக்கும் இதுவே பயிற்சி. எங்கள் கால்வாய்ச் சேற்று மாதிரியில் மூன்று நான்கு வடிவங்களே திரும்பத் திரும்ப வந்தன. கடற்கரைக் கல்லில் பிள்ளைகளுக்குப் பெயர் தீர்ந்துபோகும் அளவுக்கு வடிவங்கள். ஒரு எச்சரிக்கை: முகத்துவாரத்தில் உப்பு ஏறி இறங்குவதாலேயே வகைகள் மாறும். அதனால் கால்வாயையும் கடலையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரே இடத்தை, ஒரே மாதிரியான வற்ற நேரத்தில், மாதா மாதம் பார்த்தால்தான் கணக்குப் பேசும்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். மாதிரி எடுப்பது ஆசிரியர் வேலை. பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் இறக்காதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு கற்கள் ஐந்து எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மேல்பக்கத்தைத் தேய்த்து ஒரு புட்டியில் கழுவி ஊற்ற வேண்டும். உயிரோடு பார்க்க அன்றைக்கே ஒரு சொட்டு. மீதியை இரவு முழுக்கத் தெளியவிட்டு மேல்நீரைக் கொட்டிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறுபடி தெளியவிட வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்யாவிட்டால் காயும்போது உப்புப் படிகம்தான் தெரியும். பிறகு ஒரு சொட்டைக் கவர் ஸ்லிப்பில் காயவைத்து, தகரத்தின்மேல் வைத்து ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினால் செல் கருகிப்போய்க் கண்ணாடி மட்டும் நிற்கும். இதையும் ஆசிரியர்தான் செய்ய வேண்டும். ஆறியதும் ஸ்லைடின்மேல் கவிழ்த்து ஓரத்தில் நகப்பூச்சால் அடைத்துவிடலாம். நுண்ணோக்கி இல்லாத பள்ளிகள் காகித மடிப்பு நுண்ணோக்கியான ஃபோல்டுஸ்கோப்பிலும் பெரிய வகைகளைப் பார்க்கலாம்.

அந்த ஸ்லைடு கெடாது. தேதியும் இடமும் எழுதி ஒட்டிப் பீரோவில் வைத்தால், இன்றைக்கு 6-ஆம் வகுப்பில் இருக்கும் பிள்ளை ஆசிரியராக வந்தபிறகும் எடுத்துப் பார்க்கலாம். தேதி எழுதாத ஸ்லைடு வெறும் கண்ணாடித் துண்டு.

ஜன்னலோர மேசையில் இரண்டு நுண்ணோக்கிகள் இருக்கின்றன. அ, ஆ, இ என்று மூன்று ஸ்லைடுகள் வைத்திருக்கிறேன். ஒன்று திருவொற்றியூர்க் கல், ஒன்று எண்ணூர்ச் சேறு, ஒன்று செங்கல் தூள். எது எது என்று நான் எழுதி வைக்கவில்லை. பக்கத்தில் காகிதமும் பென்சிலும் இருக்கிறது, பார்த்ததை வரைந்துவிட்டுப் போங்கள். பெரிய லென்சைத் திருகும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக, கவர் ஸ்லிப் உடைந்துவிடும்.